ஒன்பது அடுக்குக் கோபுரத்தின் கீழ் வெறுங்காலோடு

ரொறன்ரோவுக்கு வெளியே விட்பிக்கு வீடு மாறி வந்தபின் எனக்கு ஒரு குறை இருக்கிறது. இங்கே வீடு பெரிது, மீன் சின்னது. நல்ல நண்டோ விளைமீனோ வேண்டுமென்றால் அஜின்கோர்ட்டுக்குத்தான் போகவேண்டும், அதுவும் சீனக் கடைக்கு. போன சனிக்கிழமையும் மகள்தான் காரோட்டினாள். அவளுக்கு என்னுடைய இந்த மீன் யாத்திரை கொஞ்சமும் பிடிக்காது. கார் தரிப்பிடத்திலிருந்து மீன்கடைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன நூடில்ஸ் கடை உண்டு. அதன் வாசலைத் தாண்டும்போது அந்த வாசனை வந்தது. எட்டிப் பார்த்தேன். காசு வாங்கும் மேசைக்குக் கீழே, தரையோடு தரையாக, ஒரு சிவப்பு மாடம். அதற்கு முன்னால் மூன்று தோடம்பழம், மூன்று ஊதுவத்தி. நம்முடைய ஊதுவத்தி மல்லிகை, சந்தனம் என்று பவிசு காட்டும். இது வெறும் மரம் எரிகிற வாசனை. நான் நின்றுவிட்டேன்.

"அப்பா, வட் ஆர் யூ டூயிங்? நண்டு முடிஞ்சிடும், கமோன்!" என்றாள் மகள்.

"நீ நட பிள்ளை, வாறன்" என்றேன். நண்டு முடிந்துதான் போயிருந்தது. அதற்கு வாங்கிய ஏச்சை உங்களுக்குச் சொல்லி என்ன பயன்.

அந்த வாசனை முதலில் கொண்டுவருவது கோயிலை அல்ல, ஒரு தொழிற்சாலையை. ஸ்காபரோவில் அப்போது ஒரு கட்டடத்தில் நாங்கள் நாற்பது ஐம்பது பேர் நீள மேசைகளில் குனிந்திருந்து, மின்பலகைகளில் சின்னச் சின்னப் பாகங்களை ஈயத்தால் ஒட்டுவோம். ஈயம் உருகும்போது அதற்குள் இருக்கும் பிசின் புகையாகக் கிளம்பும். குங்கிலியம் போட்ட மாதிரி இருக்கும். மேசையில் பாதிப் பேர் யாழ்ப்பாணம், மற்றப் பாதி சீனம். காலை ஏழு மணிக்கே அந்தப் புகைக்குள் இருப்பதால், வீட்டுக்குப் போனால் என் மனைவி சாந்தி, "வேலைக்குப் போறியளோ பூசைக்குப் போறியளோ?" என்று கேட்பாள்.

என் வலப்பக்கக் கதிரை லான் அக்காவுடையது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தமிழர் எல்லோரும் "லான் அக்கா" என்று கூப்பிட்டதில், எங்கள் மொழியில் தன் பெயர் அவ்வளவு நீளம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தார். ஊர் குவாங்சோ. அவருடைய ஆங்கிலமும் நொண்டி, என்னுடையதும் நொண்டி. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒன்பது வருடம் நடந்தன. அவர் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் தருகிறேன். அவர் கோபிக்கமாட்டார்.

லான் அக்காவின் அகதி வழக்கு இழுபட்டுக்கொண்டிருந்தது. கனடாவை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வரமுடியாது. ஊரில் தாய் தனியாக இருந்தார். மாடிவீட்டின் கீழே இருந்த கடைக்கு ரெலிபோன் காட் போட்டு எடுத்து, தாயைக் கூப்பிடச் சொல்லிக் கதைப்பார். "நான் நல்லாயிருக்கிறன்" என்று எத்தனை தரம் சொன்னாலும் தாய் நம்புவதில்லையாம்.

"போனிலை எல்லாரும் நல்லாயிருக்கிறம் எண்டுதான் சொல்லுவினம். என்னைக் கண்ணாலை கண்ட ஆள் ஒண்டு போய்ச் சொன்னால்தான் அம்மா நம்புவா" என்பார் லான் அக்கா.

இதை எனக்கு விளக்கத் தேவையில்லை. என்னுடைய அம்மாவும் யாழ்ப்பாணத்தில் இருந்தபடி அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். யாரோ ஒருவருடைய சிவப்புக் காரில் சாய்ந்து நின்று படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பியவன் நான். அம்மா பதில் எழுதினார்: "கார் வடிவு. நீ ஏன் இப்படி மெலிஞ்சு போனாய்?"

அப்புறம்தான் அந்தக் கூத்து வந்தது. கொம்பனி எங்கள் வேலையைக் குவாங்சோவுக்குப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்கு மாற்றத் தீர்மானித்தது. அங்குள்ளவர்களுக்கு வேலை பழக்கிவிட இரண்டு பேரை மூன்று கிழமைக்கு அனுப்பினார்கள். ஒருவன் நான். மற்றவர் செக்கிங் பகுதியில் இருந்த குணம் அண்ணை. எங்கள் வேலையை நாங்களே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வரப் பெட்டி கட்டினோம். விமானத்தில் போகிற சந்தோசத்தில் அது எங்களுக்கு உறைக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். அந்த நகரத்தின் மொழி தெரிந்த, அந்த நகரத்திலேயே பிறந்த லான் அக்கா மேசையிலேயே இருந்தார்.

அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நகரத்தின் நடுவில் பழைய புத்த கோயில் ஒன்று இருக்கிறது. உள்ளே உயரமான கோபுரம். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தாய் அதன் அடியில் நிற்பார். நான் போய், கடிதத்தையும் ஒரு படத்தையும் கொடுத்து, என்னைக் காட்டிவிட்டு வரவேண்டும். "நீ நல்லா உடுத்திக்கொண்டு போ. உன்னைப் பாத்துத்தான் அம்மா என்ரை சீவியத்தை மதிப்பா" என்றார்.

படம் எடுத்த கதை தனி. லான் அக்கா இருந்தது ஒரு பேஸ்மென்ற் அறையில். அதற்கு முன்னால் நின்று எடுத்தால் சன்னல் கம்பிதான் விழும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் சாந்தியும் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு றிச்மண்ட் ஹில்லுக்குப் போனோம். முதலில் பிள்ளையார் கோயில். எங்களைப் பார்த்து அவரும் சப்பாத்தைக் கழற்றி அடுக்கில் வைத்துவிட்டு உள்ளே வந்தார், திருநீறும் பூசிக்கொண்டார். பிறகு பக்கத்துத் தெருவில் இரண்டு கராஜ் வைத்த பெரிய வீடாகப் பார்த்து, சாந்தியின் நல்ல கோட்டைப் போடவைத்து, சொந்தக்காரர் வெளியே வருவதற்குள் மூன்று படம் எடுத்துக்கொண்டு ஓடிவந்தோம். எங்கள் கோயிலில் அவர் சப்பாத்தைக் கழற்றினார். அவர்களுடைய கோயிலில் என்ன முறை என்று நான் கேட்கவில்லை. அவர் சொல்லவும் இல்லை.

குறித்த ஞாயிறு காலை, வயிற்றில் இறுக்கும் கல்யாணக் கோட்டை மாட்டிக்கொண்டு, குணம் அண்ணையோடு ரக்சியில் போய் இறங்கினேன். தை மாதம், தூறல். அந்தக் கோயிலின் பெயரை என் நாக்கு ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை, ஆகவே விட்டுவிடுகிறேன். மதிலுக்கு மேலே கோபுரம் தெரிந்தது. எட்டுப் பட்டை. சிவப்புத் தூண், வெள்ளைச் சுவர், தட்டுக்குத் தட்டு வெளியே நீண்டு நுனி வளைந்த பச்சை ஓட்டுத் தாழ்வாரம். எண்ணிப் பார்த்தேன், ஒன்பது அடுக்கு. தாழ்வாரத்து மூலைகளில் சின்ன மணிகள். அண்ணாந்து பார்த்தபடியே இருந்தேன். நாங்கள் அதுவரை கண்ட கோபுரமெல்லாம் சாமிக்கு வாசலில் நிற்பவை. இது முற்றத்தின் நடுவில் தானே சாமி என்று நின்றது.

குணம் அண்ணை வாசலிலேயே நின்றுவிட்டார்.

"உந்தக் கோயிலுக்கை நான் வரமாட்டன். ஊரிலை அரசமரம் ஒண்டைக் கண்டாலே ஆமிக்காரன் புத்தரைக் கொண்டந்து வைக்கிறான். நான் இஞ்சை வந்து கும்பிடவோ?"

"உது சீனத்துப் புத்தர் அண்ணை. அவருக்கும் ஆமிக்கும் என்ன?"

"எல்லாம் ஒரே புத்தர்தான். நீ போட்டு வா."

"அப்ப சப்பாத்தையாவது பாத்துக்கொள்ளுங்கோ."

"அது செய்வன்" என்றார்.

அவருடைய கோபத்தில் பாதி எனக்குள்ளும் இருந்தது, ஒளிப்பானேன். ஆனால் என் கோட்டுப் பையில் கடிதம் இருந்தது. படியோரமாகக் குந்தி, சப்பாத்தைக் கழற்றி, சொக்ஸைச் சுருட்டி உள்ளே வைத்து, அண்ணையிடம் ஒப்படைத்துவிட்டு, வெறுங்காலோடு அந்த உயரமான நிலைப்படியைத் தாண்டினேன். கோயிலென்றால் வேறெப்படிப் போவது? முற்றத்தில் பாதி தூரம் நடந்தபிறகுதான் கவனித்தேன். அங்கே ஒருவருடைய காலும் வெறுமையாக இல்லை. கிழவர், குழந்தை, மொட்டையடித்த பிக்கு, எல்லோர் காலிலும் சப்பாத்து. கல் ஈரம். ரொறன்ரோக் குளிருக்குப் பழகியவன் என்ற பெருமையெல்லாம் உள்ளங்காலில் இல்லை. திரும்பிப் போகலாம்தான். மணி பத்தாகிவிட்டது.

கோபுரத்தின் அடியில் ஒரு ஆலமரம். அதன் கீழ் மடித்த குடையும் துணிப்பையுமாக ஒரு அம்மா நின்றார். லான் அக்காவின் நெற்றி அப்படியே. என்னை அவர் அடையாளம் காண்பது பெரிய வேலையில்லை, அந்த முற்றத்திலேயே கறுப்பாக நின்றவன் நான் ஒருவன்தான். இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தார். கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே வாசித்தார், ஒரு முறையல்ல. பிறகு படத்தைக் கொடுத்தேன். இரண்டு கராஜ் வீட்டையும் சாந்தியின் கோட்டையும் பார்த்தார். முகம் மலர்ந்தது. மலர்ந்த முகத்தோடு என்னை மேலிருந்து கீழே பார்த்தார். கோட், டை, கால்சட்டை. கால்.

மறுபடி படத்தைப் பார்த்தார். மறுபடி என் காலைப் பார்த்தார். மலர்ச்சி மெல்ல அடங்கியது.

நான் கையைக் கூப்பிக் காட்டினேன், கோயிலைக் காட்டினேன், காலைக் காட்டினேன். ஒன்றும் ஏறவில்லை. அவர் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். இன்னொன்று கேட்டார், அதற்கும் தலையாட்டினேன். என்ன கேட்டாரோ, எதற்கு ஓம் என்றேனோ, இன்றுவரை தெரியாது. "உன்னையும் என் மகளையும் அங்கே வதைக்கிறார்களா?" என்று கேட்டிருந்தாலும் அதே தலையாட்டல்தான்.

பையிலிருந்து வத்திகளை எடுத்துக் கொளுத்தி எனக்கு மூன்று தந்தார். நெற்றிக்கு நேரே பிடித்துக் கும்பிட்டுவிட்டு, பெரிய வெண்கலச் சட்டியில் குத்தினோம். அவர் உள்ளே போய் முழங்காலில் இருந்து வெகுநேரம் கும்பிட்டார். பொன் பூசிய மூன்று பெரிய புத்தர்கள் அவரைக் குனிந்து பார்த்தார்கள். அவர் வரும்வரை நான் சும்மா நின்றிருக்கலாம். பழக்கதோசம். கும்பிட்டால் நெற்றியில் ஏதாவது இருக்கவேண்டும். சட்டியின் ஓரத்தில் ஆறிய சாம்பலைக் கிள்ளி மூன்று குறியாக இழுத்துக்கொண்டேன். வெளியே வந்த அந்த அம்மா அதைக் கண்டதும் ஐயோ என்கிற மாதிரி ஒரு சத்தம் போட்டு, கைலேஞ்சியை எடுத்து என் நெற்றியைத் துடைத்துவிட்டார். காலுக்குச் சப்பாத்தும் இல்லை, முகமும் கழுவவில்லை என்று நினைத்திருப்பார்.

வாசலுக்கு வந்தோம். சப்பாத்தைக் கண்டால் எல்லாம் விளங்கிவிடும் என்று நம்பிக்கொண்டு வந்தேன். குணம் அண்ணை இல்லை. சப்பாத்தும் இல்லை. நான் படியோரத்தில் அங்குமிங்கும் தேடுவதை அந்த அம்மா பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துத் தெருவைக் கடந்து ஒரு கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கறுப்புத் துணிச் சப்பாத்து ஒரு சோடி கேட்டு வாங்கினார். என்னைச் சின்ன ஸ்டூலில் இருத்தினார். தான் கீழே குந்தினார். என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, அதே கைலேஞ்சியால் உள்ளங்காலைத் துடைத்தார். விரலிடுக்கு விரலிடுக்காக. நான் வேண்டாம் வேண்டாம் என்று தமிழில் சொன்னேன். அவர் தன் மொழியில் என்னை அதட்டினார். முப்பத்தேழு வயது ஆள், டை கட்டிக்கொண்டு, ஒரு வீதிக் கடையில் இருந்து அழுதேன். என் அம்மாவைக் கண்டு அப்போது பதினொரு வருடம். அதற்குப் பிறகும் நான் அவரைக் காணவில்லை.

சப்பாத்து கொஞ்சம் சின்னன். குதியை மடித்து மிதித்துக்கொண்டு நின்றேன். பஸ் வந்தபோது அவர் தன் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளிச் சால்வையைக் கழற்றி என் கையில் வைத்து, படத்தில் மகளைத் தொட்டுக் காட்டினார். தூறலுக்குள் வெறுங்கழுத்தோடு ஏறிப் போனார்.

அரை மணித்தியாலம் கழித்துக் குணம் அண்ணை வந்தார். கையில் ஒரு பை, அதற்குள் என் சப்பாத்து. மற்றக் கையில் கரும்புத் துண்டு.

"எங்கை அண்ணை போனனீங்கள்?"

"ஆரும் களவெடுத்துப்போடுவாங்கள் எண்டு கையோடை கொண்டு போனன். பாத்துக்கொள்ளச் சொன்னனீதானே? இதென்ன காலிலை?"

பையைப் பறித்துக்கொண்டு நடந்தேன். அவரோடு இரண்டு நாள் கதைக்கவில்லை. ஊரில் கோயிலுக்குப் போனால் ஒருவர் வெளியே நின்று செருப்புப் பார்ப்பது வழக்கம். பார்க்கிறவர் செருப்போடு ஊர் சுற்றப் போவது குணம் அண்ணையின் சொந்தக் கண்டுபிடிப்பு.

திரும்பி வந்த முதல்நாள், பதினைந்து நிமிட பிரேக்கில், லான் அக்கா தேநீரைக்கூடத் தொடாமல் கேட்டார்: "அம்மா நம்பினவவோ?"

"ஓம் அக்கா. நம்பினவ" என்றேன்.

சப்பாத்துக் கதையைச் சொல்லவில்லை. சால்வையைக் கொடுத்து, தாய் தன் கழுத்திலிருந்ததையே கழற்றிப் பரிசாகத் தந்தார் என்றேன். வாங்கி முகத்தில் வைத்துக்கொண்டார். அதன்பிறகு கிழமைக்கு ஒரு தடவையாவது, "அண்டைக்கு அம்மா எப்பிடி நிண்டவ, சொல்லு" என்பார். நான் சொல்வேன். படத்தைக் கண்டு எப்படிச் சிரித்தார், வீட்டைக் காட்டி என்னவெல்லாம் கேட்டார், பக்கத்தில் நின்றவர்களுக்கு எல்லாம் எப்படிக் காட்டிப் பெருமைப்பட்டார். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூட்டினேன். வாய் கூசவில்லை. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது. இப்போது அந்த அம்மாவின் சட்டை நீலமா சாம்பலா என்று கேட்டால் தடுமாறுவேன்.

இரண்டு வருடத்துக்குள் எல்லோரையும் லே ஓஃப் பண்ணினார்கள். ஆளுக்கொரு பக்கம் போனோம். லான் அக்காவுக்குக் கடைசியில் வதிவிடப் பத்திரம் கிடைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்னமே தாய் போய்விட்டார். இருந்தும் அக்கா ஊருக்குப் போய்வந்தார். வந்ததும் என்னை அஜின்கோர்ட்டில் ஒரு கோப்பிக் கடைக்கு வரச்சொன்னார். வெளியே பனி கொட்டியது. உதறிக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

"பக்கத்து வீட்டு மனிசி ஒரு கதை சொன்னவ" என்று தொடங்கினார். "அம்மா ஒவ்வொரு அமாவாசைக்கும் பூரணைக்கும் அந்தக் கோயிலுக்குப் போறவவாம். மூண்டு வத்தி எனக்கு. இன்னும் மூண்டு வத்தி, சப்பாத்து இல்லாத மனுசனுக்காம். கடைசி மட்டும் விடேல்லையாம். ஆர் அந்த மனுசன் எண்டு என்னைக் கேக்கினம். ஆர்?"

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குணம் அண்ணையை, சாம்பலை, ஸ்டூலை, கைலேஞ்சியை. லான் அக்கா மேசைக்குக் கீழே குனிந்து என் பனிச் சப்பாத்தைப் பார்த்தார். சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்தார்.

"அப்ப அம்மா நம்பேல்லை."

"இல்லை அக்கா. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"எனக்கு அண்டைக்கே தெரியும்" என்றார். "மகள் நல்லாயிருக்கிறாள் எண்டு நம்பின தாய், தான் கட்டின பழைய சால்வையைக் கழட்டிக் குடுத்து விடுவாளோ?"

"தெரிஞ்சுகொண்டே ஏன் ஒவ்வொரு கிழமையும் கேட்டனீங்கள்?"

"நீ சொல்லேக்கை அவ நம்பினவ" என்றார்.

பிறகு லான் அக்கா வன்கூவருக்கு, மகன் முறையான பெறாமகனோடு இருக்கப் போனார். புதுவருடத்துக்குப் புதுவருடம் போன் எடுப்பேன். இரண்டு வருடமாக, இந்த இலக்கம் பாவனையில் இல்லை என்று ஒரு குரல் சொல்கிறது. பெறாமகனின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. தொழிற்சாலை நின்ற இடத்தில் மாடிவீடுகள் எழும்பிவிட்டன. எங்களைப் போல் ஒரு மேசையில் தமிழும் சீனமும் குனிந்திருக்கும் இடம் இப்போது எங்காவது உண்டோ தெரியாது. அண்டைக்கு அம்மா எப்பிடி நிண்டவ என்று கேட்க எனக்கு ஆளில்லை.

என் அம்மா இருந்தவரை வெள்ளிக்கிழமைதோறும் எனக்காகக் கற்பூரம் கொளுத்தினார். அதைக் கடிதத்தில் எழுதுவார், ஆகவே தெரியும். என் முகத்தை ஒரே ஒரு தரம் கண்ட இன்னொரு தாய், என் பெயர்கூடத் தெரியாமல், எத்தனையோ வருடம் மாதத்துக்கு இரண்டு தரம் எனக்கென்று நெருப்புக் கொளுத்தியது எனக்குத் தெரியவே தெரியாது. அந்த வருடங்களில் எனக்குப் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. என் கெட்டித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு வாசலில் எனக்கு நாலு சோடி சப்பாத்துக் கிடக்கிறது. என் காலுக்கு ஒன்றுமில்லையே என்று கவலைப்பட உலகத்தில் ஒருவரும் இல்லை.